மூன்று சுழி ‘ண’

அந்த அம்மா மஞ்சள் பையை என் மேசைமேல் கவிழ்த்தார். ஐந்து டாக்டர்களின் சீட்டுகள், ஸ்கேன் கவர்கள், பாதி தீர்ந்த மாத்திரை அட்டைகள் எல்லாம் வந்து விழுந்தன. அதுவரை எதிர்பார்த்ததுதான். அடியில் மூன்று பள்ளிக்கூட நோட்டுகள் இருந்தன. அதை எதிர்பார்க்கவில்லை.

“வியாதி என்னன்னு அப்புறம் பாருங்க டாக்டரம்மா. முதல்ல இவன் எழுத்தைப் பாருங்க.”

ஆறாம் வகுப்பு நோட்டில் எழுத்துகள் குண்டு குண்டாக, கோட்டுக்குக் கோடு நிறைந்து நின்றன. எட்டாம் வகுப்பில் வரி தொடங்கும்போது மிளகு அளவு இருந்தது, முடியும்போது கடுகு அளவுக்குச் சுருங்கியிருந்தது. ஒன்பதாம் வகுப்பு நோட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துத்தான் படிக்க முடிந்தது. நம் எழுத்து முழுக்கச் சுழி. சுழிக்க வேண்டுமானால் விரல் வளைந்து கொடுக்க வேண்டும். இவன் விரல் கொடுக்கவில்லை. மூன்று சுழி ‘ண’ வர வேண்டிய இடத்திலெல்லாம் இரண்டு சுழி ‘ன’ மாதிரி ஏதோ ஒன்று இருந்தது. தமிழ் ஆசிரியர் ஒவ்வொன்றையும் சிவப்பு மையில் வட்டமிட்டு, எழுத்துப்பிழை என்று மார்க் குறைத்திருந்தார்.

பையனுக்கு 14 வயது. வாய் லேசாகத் திறந்தபடி, காரணமில்லாத ஒரு புன்னகையோடு உட்கார்ந்திருந்தான். கையில் கைக்குட்டை. எச்சில் துடைக்க. (யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

சீட்டுகளைத் தேதிவாரியாக அடுக்கினேன். நான் செய்த பெரிய வைத்தியம் அன்று இது ஒன்றுதான். 11 வயதில் மஞ்சள்காமாலை. ஒரு டாக்டர் வைரஸ் என்று எழுதியிருக்கிறார், வீட்டில் கீழாநெல்லியை மோரில் அரைத்துக் கொடுத்திருக்கிறார்கள். காமாலை இறங்கிவிட்டது, பெயர் கீழாநெல்லிக்குப் போனது. 12 வயதில் படிப்பு சரிவு. 13 வயதில் தட்டைத் தூக்கி எறியும் கோபம், காரணமில்லாத அழுகை. வேப்பிலை அடித்துப் பார்த்துவிட்டு மனநல மருத்துவரிடம் போயிருக்கிறார்கள். மாத்திரை தொடங்கியதும் உடம்பு விறைக்க ஆரம்பித்தது, கை நடுங்கியது. மாத்திரையின் பக்கவிளைவு என்று அடுத்தவர் எழுதினார். அப்படி நினைப்பதில் தப்பில்லை, அந்த வகை மாத்திரை அதைச் செய்யக்கூடியதுதான். பேச்சு குழறியது காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போனது. ஐந்து பேரும் கெட்டிக்காரர்கள், இரண்டு பேரை எனக்கு நன்றாகவே தெரியும். ஆனால் ஈரலைப் பார்த்தவருக்குக் கோபம் தெரியாது, கோபத்தைப் பார்த்தவருக்குக் காமாலை தெரியாது. ‘முன்பு காமாலை வந்ததா?’ என்று யாரும் கேட்கவில்லை. வீட்டாரும் சொல்லவில்லை. சரியாகிப்போன வியாதியை யார் டாக்டரிடம் சொல்கிறார்கள்?

ஈரல், பிறகு மனம், பிறகு கை, பிறகு வாய். வளரும் வயதில் இந்த நான்கும் ஒரே உடம்பில் வந்தால் நினைக்க வேண்டிய பெயர் ஒன்று உண்டு: வில்சன் நோய்.

டார்ச் அடித்து அவன் கண்ணைப் பார்த்தேன். நம் கண்கள் கரும்பழுப்பு, அதனால் வெறும் டார்ச்சில் எதுவும் நிச்சயமாகத் தெரியாது. எதிர்த்தெருவில் இருக்கும் கண் டாக்டருக்கு போன் போட்டு அனுப்பிவைத்தேன். ஸ்லிட் லாம்ப் என்ற கண் பார்க்கும் கருவியில் தாடையை வைத்து இரண்டு நிமிடம். அவரே திரும்ப அழைத்தார். “மேல, கீழ, சுத்தி வர, முழு வட்டம். நீங்களே வந்து பாருங்க.” போய்ப் பார்த்தேன். கருவிழியின் ஓரத்தைச் சுற்றி, பழைய குத்துவிளக்கின் விளிம்பில் களிம்பு ஏறியதுபோல, பொன்னும் பச்சையும் கலந்த ஒரு பழுப்பு வளையம். செம்பில் களிம்பு என்று சைவ சித்தாந்தத்தில் ஓர் உவமை வரும். இங்கே அது உவமையில்லை. அந்த வளையம் நிஜமாகவே செம்பு.

சாப்பாட்டின் வழியாகத் தினமும் கொஞ்சம் செம்பு உள்ளே போகிறது. உடம்புக்கு அது வேண்டும், ஆனால் இத்துணூண்டுதான். மிச்சத்தைப் பித்தநீர் வழியாக வெளியே தள்ளுவது ஈரலின் வேலை. அதற்கான வாசலைத் திறக்கும் புரதத்தை ஏடிபி7பி என்ற மரபணு தருகிறது. அந்த மரபணுவின் இரண்டு பிரதிகளும் பழுதானால் வாசல் திறக்காது. செம்பு முதலில் ஈரலில் தேங்குகிறது, ஈரல் நிரம்பியதும் ரத்தத்தில் வழிந்து மூளையிலும் கண்ணிலும் போய்ப் படிகிறது. பிறந்த நாளிலிருந்தே நடப்பதுதான், ஆனால் நிரம்பி வழியப் பல வருடம் ஆகும். அதனால்தான் ஐந்து வயதுக்கு முன் அபூர்வமாகவும், பள்ளி, கல்லூரி வயதில் அதிகமாகவும் வெளியே தெரிகிறது.

இந்த நோய் கண்டுபிடிக்கப்பட்ட கதையும் இவன் மஞ்சள் பை மாதிரியே. 1902இல் கைசர், 1903இல் ஃபிளெய்ஷர் என்ற இரண்டு ஜெர்மன் கண் மருத்துவர்கள் அந்த வளையத்தைப் பார்த்து எழுதினார்கள். 1912இல் லண்டனில் கின்னியர் வில்சன், மூளையும் ஈரலும் சேர்ந்து கெடும் குடும்ப நோய் ஒன்றை விரிவாக எழுதினார். அந்தக் கட்டுரையில் கண் வளையம் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நோய்க்குத் தன் பெயரைக் கொடுத்தவரே கண்ணைத் தவறவிட்டிருக்கிறார்! எங்கள் ஐந்து பேரை நான் ஏன் கோபித்துக்கொள்ளவில்லை என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொரு காரணம், நானே தவறவிட்டவள். பயிற்சி முடித்த புதிது. 17 வயதுப் பெண், கடும் காமாலை, கூடவே ரத்தம் உடைந்து ஹீமோகுளோபின் சரிந்துகொண்டே போனது. உடம்பே தன் ரத்த அணுவை அழிக்கிறதா என்று பார்க்கும் கூம்ப்ஸ் பரிசோதனை நெகட்டிவ். காமாலை அவ்வளவு ஏறியும் ஆல்கலைன் பாஸ்படேஸ் என்ற ஈரல் நொதி மட்டும் வினோதமாகக் குறைந்திருந்தது. லேபில் தப்பு என்று நினைத்தேன். ஆறாம் நாள் அவள் இறந்தாள். இரண்டு வருடம் கழித்து அவள் தம்பி கை நடுக்கத்தோடு வந்தபோதுதான் அந்தக் குறைந்த எண்ணுக்கு அர்த்தம் புரிந்தது. வில்சன் நோய் அப்படியும் வரும். ஒரே வாரத்தில் ஈரலை மொத்தமாகச் சாய்க்கும். அந்த நிலையில் மாத்திரை போதாது, ஈரல் மாற்று அறுவைதான் வழி. அன்று எனக்குத் தெரிந்திருந்தாலும் அவள் பிழைத்திருப்பாளா என்பது வேறு விஷயம். ஆனால் தம்பியை அன்றே பரிசோதித்திருப்பேன். இரண்டு வருடம் மிச்சமாகியிருக்கும்.

வளையம் தெரிந்துவிட்டது, முடிந்தது என்று வைத்துக்கொள்ள வேண்டாம். ஈரல் மட்டும் பாதிக்கப்பட்டவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு வளையம் இருக்காது. செருலோபிளாஸ்மின் என்ற ரத்தப் பரிசோதனை உண்டு, வழக்கமாக ஒரு டெசிலிட்டருக்கு 20 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் சந்தேகிப்போம். ஆனால் காய்ச்சல், அழற்சி, கர்ப்பம் இருக்கும்போது அது உயர்ந்து காட்டி ஏமாற்றும். நோயே இல்லாமல் ஒரு பழுதுப் பிரதியை மட்டும் சுமப்பவர்களுக்குக் குறைந்து காட்டியும் ஏமாற்றும். ஆகவே ஒரு காகிதத்தை வைத்துக்கொண்டு ‘இருக்கு’, ‘இல்ல’ என்று முடிவுகட்ட முடியாது.

அடுத்தது 24 மணி நேரச் சிறுநீர். கேட்க எளிது. காலையில் எழுந்ததும் போவதைச் சேர்க்கக் கூடாது, அதற்குப் பிறகு போவதெல்லாம், மறுநாள் காலை எழுந்ததும் போவது உட்பட, லேப் கொடுக்கும் கேனில் சேர வேண்டும். வீட்டுச் சொம்பில் பிடித்து ஊற்றக் கூடாது. செம்பை அளக்கப் போகிறோம், சொம்பே செம்பு! பள்ளி நாளில் நடக்காது, பையன் கேனைத் தூக்கிக்கொண்டு வகுப்புக்குப் போவானா? ஞாயிற்றுக்கிழமைதான். இரண்டு முறை பாதியில் விட்டு, மூன்றாம் முறைதான் எங்களுக்கு முழுதாகக் கிடைத்தது. 100 மைக்ரோகிராமைத் தாண்டினாலே நோய்க்கு வலுவான ஆதாரம். இவனுக்கு அதைப்போல நான்கு மடங்கு வந்தது.

முடிவைச் சொன்னதும் அப்பா கேட்ட முதல் கேள்வி, “எங்க வகையில யாருக்கும் இல்லையே, இவ வகையிலயா?” அவர் மனைவிக்கு அத்தை மகன். அதாவது இரண்டு வகையும் ஒரே வகை. இது ஒருவர் பக்கமிருந்து வரும் நோயே இல்லை என்று வெள்ளைத்தாளில் வரைந்து காட்டினேன். அப்பாவிடம் ஒரு பழுதுப் பிரதி, அம்மாவிடம் ஒரு பழுதுப் பிரதி. இருவருக்கும் ஒன்றும் செய்யாது, ஏனென்றால் இன்னொரு பிரதி வேலை பார்க்கும். இரண்டு பழுதும் ஒரு பிள்ளையிடம் சேர்ந்தால்தான் நோய். ஒவ்வொரு பிரசவத்திலும் அதற்கு நான்கில் ஒரு வாய்ப்பு. சொந்தத்தில் கட்டுவதால் வாய்ப்பு கூடுகிறது, கட்டாதவர்களுக்கும் வரத்தான் செய்கிறது. அந்த அம்மா எதுவும் பேசவில்லை. தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். வீட்டில் மாமியாரிடம் காட்ட என்று பிற்பாடு தெரிந்தது.

நான்கில் ஒன்று என்றதும் நான் கேட்டது தங்கச்சியைத்தான். 10 வயது, கபடி ஆடுகிற பிள்ளை, ஒரு தலைவலி கிடையாது.

“நல்லா இருக்கிற புள்ளைக்கு எதுக்கு டெஸ்ட்?” என்றார் அப்பா. பாட்டி நேரடியாகவே சொன்னார்: “வெளிய தெரிஞ்சா நாளைக்கு எவன் இவளைக் கட்டுவான்?”

இந்த நோயின் சிகிச்சையில் எனக்கு மிகக் கஷ்டமான இடம் மருந்தல்ல, இதுதான். முதல் பிள்ளைக்கு நோய் உறுதியானால் கூடப்பிறந்தவர்கள் எல்லோரையும், நன்றாக இருந்தாலும், பரிசோதிக்க வேண்டும். செம்பு தேங்கிக்கொண்டிருக்கும், வழியத் தொடங்கியிருக்காது. அந்தக் கட்டத்தில் பிடித்தால் நடுக்கமும் வராது, குழறலும் வராது. மூன்று மாதம் இழுத்தடித்தார்கள். நானும் விடாமல் போன் செய்தேன். கடைசியில் அந்த அம்மா யாரிடமும் சொல்லாமல் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். கண்ணில் வளையம் இல்லை. செருலோபிளாஸ்மின் 7. மரபணுப் பரிசோதனையில் அண்ணனுக்கு இருந்த அதே இரண்டு பழுதும் இவளுக்கும் இருந்தது.

மருந்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, அது பழையது. 1956இல் ஜான் வால்ஷ் என்ற ஆங்கிலேய டாக்டர் பெனிசிலமைன் செம்பைப் பிடித்து சிறுநீரில் இறக்கும் என்று காட்டினார். முதலில் தாமே விழுங்கிப் பார்த்துவிட்டுத்தான் நோயாளிக்குக் கொடுத்தார். பிறகு டிரயன்டின் வந்தது, துத்தநாகம் வந்தது. துத்தநாகம் குடலிலேயே செம்பை மறித்துவிடும். அரிய நோய்களில் பலவற்றுக்கு மருந்தே இல்லை, இருக்கும் சிலவற்றுக்கு வருடத்துக்குக் கோடிக்கணக்கில் ஆகும். 2021இல் மத்திய அரசு தேசிய அரிய நோய்க் கொள்கை கொண்டுவந்ததும் அந்தச் சுமைக்காகத்தான். அந்தக் கூட்டத்தில் வில்சன் நோய்க்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். என்ன, எங்கள் ஊர்க் கடையில் மாத்திரையைச் சொல்லிவைத்தால்தான் வரும். தீர்வதற்கு இரண்டு வாரம் முன்பே சொல்லிவைக்க வேண்டும்.

மாத்திரை சாப்பிடும் முறையில்தான் தடுக்கிவிழுகிறார்கள். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன், அல்லது இரண்டு மணி நேரம் பின். ‘வெறும் வயிறு’ என்றால் நம் வீடுகளில் காபிக்குப் பிறகு, இட்லிக்கு முன் என்று பொருள். பால் காபியும் சாப்பாட்டில் சேர்த்திதான் என்று எழுதியே கொடுக்கிறேன். பெனிசிலமைன் என்றால் கூடவே பி6 வைட்டமின் மாத்திரை வேண்டும், ரத்த அணுவையும் சிறுநீரில் புரதத்தையும் அடிக்கடி பார்த்துக்கொள்ள வேண்டும். ஆட்டு ஈரல், நண்டு, முந்திரி, சாக்லேட், காளான் ஆகியவற்றை முதல் வருடமாவது ஒதுக்கச் சொல்கிறேன். செம்புக் குடத்துத் தண்ணீர் உடம்புக்கு நல்லது என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, அது இவர்கள் வீட்டுக்கும் வந்திருந்தது. பாட்டி பிரியமாக வாங்கிக் கொடுத்த செம்பு பாட்டிலில்தான் பையன் இரண்டு வருடமாகப் பள்ளிக்குத் தண்ணீர் கொண்டுபோயிருக்கிறான். நோய் அதனால் வரவில்லை. பாட்டியிடம் அதைத் தனியாக உட்காரவைத்துச் சொல்ல வேண்டியிருந்தது.

முன்கூட்டியே சொல்லியாக வேண்டிய இன்னொன்று: மூளை பாதித்தவர்களில் சிலருக்கு மருந்து தொடங்கிய முதல் வாரங்களில் நிலைமை மோசமாகும். குறைந்த அளவில் தொடங்கி மெல்ல ஏற்றுவது அதனால்தான். இவனுக்கும் ஒரு மாதம் பேச்சு இன்னும் மங்கியது. சொல்லி வைத்திருந்ததால் மருந்தை நிறுத்தாமல் வந்தார்கள். ஏழாம் மாதம் எச்சில் நின்றது. கோபம் அதற்கும் முன்பே தணிந்துவிட்டது. பேச்சு முழுதாகத் திரும்பவில்லை, ‘ர’வும் ‘ற’வும் இன்றைக்கும் வழுக்கும். பத்தாம் வகுப்புத் தேர்வை உதவியாளர் வைத்து எழுதினான்.

பயம் போகவில்லை. நன்றாக ஆகிவிட்டது என்று சில வருடம் கழித்து மாத்திரையை நிறுத்தியவர்கள் ஈரல் செயலிழந்து திரும்பி வந்ததைப் பார்த்திருக்கிறேன். இது ஆயுள் மாத்திரை. கல்யாணப் பேச்சு எடுக்கும்போதுதான் பலரும் நிறுத்துகிறார்கள், மாத்திரை டப்பாவை மாப்பிள்ளை வீட்டார் பார்த்துவிடுவார்களே என்று.

தங்கச்சி இப்போது கல்லூரியில் படிக்கிறாள். துத்தநாக மாத்திரை மட்டும், வருடத்துக்கு ஒரு முறை 24 மணி நேரச் சிறுநீர். போன முறை ஹாஸ்டலில் சேர்த்து, டவுன் பஸ்ஸில் கேனை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். “கண்டக்டர் அண்ணன், என்னம்மா மோரான்னு கேட்டார் டாக்டரம்மா. ஆமான்னு சொல்லிட்டேன்.”