சூழ்நிலைச் சான்று

பாம்பன் படகுத்துறையில் வலை பொத்திக்கொண்டிருந்த மாமா நாளிதழை என் பக்கம் நீட்டினார். கொலை வழக்குச் செய்தி. “பார்த்தவர் யாருமில்லை என்கிறார்கள். பிறகு ‘சந்தர்ப்ப சாட்சி’ என்கிறார்கள். அந்த ஆள் யார், தம்பி?”

அவர் ஓர் ஆளைத் தேடியதில் பிழையில்லை. சாட்சி என்ற வடசொல்லுக்குள்ளேயே கண் இருக்கிறது. கண்ணால் கண்டவன் என்பதே முதற்பொருள். கண்டவர் இல்லாத வழக்கின் ஆதாரத்துக்கு அந்தப் பெயரையே சூட்டினால் குழப்பம்தான். சந்தர்ப்பம் என்பதும் இன்று வாய்ப்பு என்றே காதில் விழுகிறது. இரண்டும் சேர்ந்தால், தற்செயலாக அந்த வழியே வந்தவர் என்று ஆகிவிடுகிறது. அப்படி வந்து கண்டவரை நீதிமன்றத்தில் தற்செயல் சாட்சி என்பார்கள்; நாளிதழ் சொல்ல வந்தது முற்றிலும் வேறு.

மாமாவுக்குக் கடலை வைத்தே சொன்னேன். ஒரு வள்ளத்தில் இரண்டு பேர் போகிறார்கள். ஒருவர் மட்டும் திரும்புகிறார். மற்றவர் உடல் வாலிநோக்கம் பக்கம் கரை ஒதுங்குகிறது, தலையில் வெட்டுக்காயம். பங்குப் பணத்தில் இருவருக்கும் தகராறு இருந்திருக்கிறது. திரும்பியவர் காட்டிய இடத்தில் ஓர் அரிவாள் கிடைக்கிறது. கொலையை யாரும் பார்க்கவில்லை. கொலையைச் சுற்றி நிற்கும் இந்தச் செய்திகள்தான் சூழ்நிலைச் சான்று.

“எஞ்சின் விசிறி வெட்டியிருந்தால்?” என்றார் உடனே. சட்டமும் அதையேதான் கேட்கிறது. 1984இல் சரத் பிர்திசந்த் சார்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஐந்து நிபந்தனைகளை வகுத்து, அவற்றைப் பஞ்சசீலம் என்றே அழைத்தது. ஒவ்வொரு சூழ்நிலையும் ஐயமின்றி மெய்ப்பிக்கப்பட வேண்டும். ‘மெய்ப்பிக்கப்பட்டிருக்கலாம்’ என்பது போதாது. அவை குற்றத்தோடு மட்டுமே பொருந்த வேண்டும், முடிவான தன்மை உடையவையாக இருக்க வேண்டும், வேறு விளக்கத்துக்கு இடம்தரக் கூடாது, சங்கிலி அறுபடாமல் இருக்க வேண்டும். அந்த வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர் விடுதலையானார்.

திரும்பியவர் வாய் திறக்காவிட்டால்? தனக்கு மட்டுமே தெரிந்த செய்தியை அவர்தான் விளக்க வேண்டும் என்றது 1872ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 106ஆம் பிரிவு. அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய சாட்சிய அதிநியமத்தில் அது 109ஆம் பிரிவு. ஆனால் அரசுத் தரப்பு குற்றத்தை மெய்ப்பிக்கும் தன் அடிப்படைச் சுமையை இறக்கி அவர் தலையில் வைத்துவிட முடியாது.

சங்கிலி என்பதற்குப் பதில் வலை என்று சொல்லிப் பார்த்தேன். மாமா ஏற்கவில்லை. ஒரு கண் அறுந்தாலும் வலையில் மீன் விழும் என்றார். சரிதான், சங்கிலியில் ஒரு கண்ணி விட்டால் மொத்தமும் விட்டுப்போகும். உவமையைக் கைவிட்டேன்.

இனிச் சொல்லுக்கு வருவோம். இதற்கான ‘circumstantial’ என்ற ஆங்கிலச் சொல்லின் இலத்தீன் வேர்கள் ‘சுற்றி’, ‘நிற்றல்’ என்பவை. சூழ், நிலை என்று தமிழிலும் அதே இரண்டு. இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தும் கலைச்சொல் அடிக்கடி வாய்ப்பதில்லை. சந்தர்ப்பத்துக்கும் ஒரு நியாயம் சொல்லிவிட வேண்டும்: வடமொழியில் அதன் பழம்பொருள் தொடுத்தல், கோத்தல். அந்தப் பொருளில் சங்கிலிக்கு அது நெருங்கிய உறவுதான். அந்தப் பொருள் நம் பேச்சில் இல்லாமல் போனதுதான் சிக்கல்.

சாட்சிக்குப் பழந்தமிழ் ‘கரி’. “இந்திரனே சாலுங் கரி” என்கிறது குறள். அங்கே முன்னால் நிற்கும் ‘சாலும்’ என்பதன் வேரிலிருந்தே சான்று வருகிறது. சால்வது என்றால் நிறைவது, போதுமானதாவது. கரியை மீட்கச் சொல்ல மாட்டேன். அடுப்புக்கரி என்றுதான் படிப்பார்கள். ஆள் என்றால் சாட்சி, அவர் கூண்டில் சொல்வது சாட்சியம், ஆள், பொருள் எல்லாவற்றுக்கும் பொதுவாகச் சான்று. இப்படிப் பிரித்து ஆண்டால் மாமா ஆளைத் தேட வேண்டியிராது.

சில நாளிதழ்கள் ‘சந்தர்ப்ப சூழ்நிலை சாட்சி’ என்று மூன்று சொல் போடுகின்றன. முதலிரண்டும் ஒரே வேலையைச் செய்கின்றன. மூன்றாவது வேறு வேலைக்குப் போக வேண்டியது. சூழ்நிலைச் சான்று போதும். நடுவில் உள்ள ‘ச்’ மட்டும் விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.