கேம் இசை கேட்கும் பிள்ளையைத் திட்டாதீர்கள்

போன வாரம் இன்னொரு அப்பா வந்தார். பெரம்பூரில் நான் கீபோர்டு சொல்லிக்கொடுக்கும் மாடி அறைக்குக் கட்டணம் கட்ட வருகிறவர் யார், கணக்கு முடிக்க வருகிறவர் யார் என்பது செருப்பைக் கழற்றும் விதத்திலேயே தெரிந்துவிடும். இவர் கழற்றவே இல்லை. வாசலில் நின்றபடியே, “இந்த மாதத்தோடு நிறுத்திக்கொள்கிறோம் மாஸ்டர். அவ்வளவு பணம் போட்டுக் கீபோர்டு வாங்கிக் கொடுத்தால், எந்நேரமும் கேம் பாட்டையே வாசித்துக்கொண்டிருக்கிறான். போனிலும் அதையேதான் கேட்கிறான். இதற்கு எதற்கு மியூசிக் கிளாஸ்?” என்றார். எட்டாம் வகுப்புப் பையன் பின்னால் படிக்கட்டில் நின்று சுவரைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.

அவன் செய்த குற்றம் இதுதான்: ஒரு கேமின் இசையைத் திரும்பத் திரும்பக் கேட்டு, இடது கைக்கான பேஸ் வரியை, அதாவது கீழ் ஸ்தாயியில் ஓடும் வரியை, யாரும் சொல்லித் தராமல், காதாலேயே பிடித்திருந்தான். கீபோர்டுத் தேர்வில் மூன்றாம் கிரேடு படிக்கிறவர்களில் பலருக்கு வலது கை மெட்டைப் பிடிப்பதே பெரும்பாடு. நான் தட்டிக்கொடுத்து அனுப்பிய விஷயத்துக்கு வீட்டில் அர்ச்சனை நடந்திருக்கிறது.

கொடுங்கையூரிலிருந்து வந்தாலும் தண்டையார்பேட்டையிலிருந்து வந்தாலும் புகார் இதே புகார்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லித் தொண்டை வற்றிவிட்டது. எழுதி வைத்துவிடுகிறேன்.

கேம் விளையாடுவது வேறு, கேமின் இசையைக் கேட்பது வேறு. இதை விளக்க வேண்டியிருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. திரை அணைந்திருக்கிறது, பையன் கணக்குப் போடுகிறான், காதில் இசை ஓடுகிறது. இதில் விளையாட்டு எங்கே இருக்கிறது? இரவு இரண்டு மணி வரை போனை விடாமல் விளையாடுகிறான் என்றால் அது வேறு சிக்கல். அதற்கு மனநல ஆலோசகரைப் பாருங்கள். அந்தக் கோபத்தைக் கீபோர்டின் மேல் காட்டினால் விளையாட்டு நிற்காது, வாசிப்புதான் நிற்கும்.

என் பொறுமையை உண்மையாகவே சோதிப்பது அடுத்த வாதம். “அதெல்லாம் இசையா மாஸ்டர்? கம்ப்யூட்டர் தானாகப் போடுகிற சத்தம்தானே?” ஏஐ பற்றிய செய்திகள் வர ஆரம்பித்த பிறகு இந்த வாதத்துக்குக் கொம்பு முளைத்துவிட்டது. தானாகப் போடவில்லை ஐயா. 1985-இல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸுக்கு கோஜி கோண்டோ என்ற மனிதர் உட்கார்ந்து இசையமைத்தார். பர்மா பஜாரில் வாங்கி வந்த டிவி கேமில் கோடை விடுமுறை முழுக்க நீங்கள் கேட்ட அதே மெட்டுதான். இன்றைக்குப் பையனைத் திட்டுகிற அப்பாக்களில் பாதிப் பேருக்கு அது மனப்பாடமாகத் தெரியும். முதல் நான்கு ஸ்வரத்தை நான் வாசித்தால் மீதியை அவர்களே முனகுகிறார்கள்.

கோண்டோவுக்குக் கிடைத்த கேம் கருவியின் லட்சணத்தைக் கேளுங்கள். சுருதியோடு ஒலிக்கக்கூடிய குரல்கள் மூன்றே மூன்று. தாளத்துக்கு ‘உஸ்’ என்று ஓர் இரைச்சல். மாரியோ குதிக்கும் சத்தமும் காசு எடுக்கும் சத்தமும்கூட இந்தக் குரல்களிலிருந்துதான் இடம் பிடுங்கிக்கொள்ள வேண்டும். இப்போது முதல் அடியை உங்கள் வீட்டுக் கீபோர்டில் வைத்துப் பாருங்கள்: மேலே இ (E), அதற்குக் கீழே எஃப் ஷார்ப் (F#), பேஸில் டி (D). மெட்டு ஸி மேஜர் (C major) என்ற ஸ்கேலில், அதாவது ஸ்வர வரிசையில் இருக்கிறது. ஸி மேஜரில் எஃப் ஷார்ப் கிடையாது. ஸ்கேலிலேயே இல்லாத ஸ்வரத்தை முதல் அடியில் வைத்து, ஓரிரு நொடிக்குள் ஜி-யில் கொண்டுவந்து இறக்கிவிடுகிறார். என் மாணவர்களை ஸி மேஜரில் ஏதாவது போட்டுக் காட்டச் சொன்னால் ஸி கார்டில் தொடங்கி ஸி கார்டில் முடிப்பார்கள். முதல் வருடம் அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறோம், தவறில்லை. ஆனால் எஃப் ஷார்ப் அங்கே எதற்கு என்று ஒரு பையன் கேட்டுவிட்டால், நான் இரண்டு மாதத்தில் நடத்த வேண்டிய பாடத்தை அவனே கதவைத் தட்டிக் கேட்கிறான் என்று பொருள். 2023-இல் அமெரிக்காவின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ், பாதுகாக்க வேண்டிய ஒலிப்பதிவுகளின் தேசியப் பதிவேட்டில் இந்த மெட்டைச் சேர்த்தது. அந்தப் பதிவேட்டில் இடம்பெற்ற முதல் கேம் இசை இது.

இன்னும் ஆள் வேண்டுமா? கொய்ச்சி சுகியாமா, ஜப்பானில் டிவிக்கும் விளம்பரங்களுக்கும் இசையமைத்துப் பெயர் வாங்கியவர். 1986-இல் முதல் டிராகன் குவெஸ்ட் கேமுக்கு இசையமைத்தபோது அவருக்கு வயது 55. சின்னப் பையன்கள் விவகாரம் என்று அவர் ஒதுக்கவில்லை. அதே ஆண்டு அந்த இசையை வாத்தியக் குழுவுக்கு விரித்து எழுதி ஆல்பமாக்கினார். அடுத்த ஆண்டே டோக்கியோவில் கச்சேரி நடந்தது. யோகோ ஷிமோமுரா, முறையாகப் பியானோ படித்து, பியானோ ஆசிரியை வேலையும் கையில் இருந்தவர். அதை விட்டுவிட்டு 1988-இல் கேம் நிறுவனத்தில் சேர்ந்தபோது வீட்டிலும் கல்லூரியிலும் எல்லோரும் நொந்துபோனார்கள். பிறகு அவர் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-க்கும் கிங்டம் ஹார்ட்ஸுக்கும் போட்ட இசையைத்தான் உங்கள் பெண் கேட்டுக்கொண்டிருக்கிறாள். பெண் பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்கும் அம்மாக்களுக்காகவே இவர் பெயரைத் தனியாகச் சொல்கிறேன்.

ராயபுரத்திலிருந்து ஓர் அம்மா, கேம் இசை சாத்தானின் வேலை என்று சபையில் யாரோ சொன்னதாகச் சொன்னார். கேம் இசையில் முதன்முதலாக கிராமி இசை விருது வாங்கியது எது என்று அவருக்கு வாசித்துக் காட்டினேன். கிறிஸ்டோபர் டின் இசையமைத்த ‘பாபா யேட்டு’. 2005-இல் வந்த சிவிலைசேஷன் 4 கேமின் தொடக்க இசை. கிராமி கிடைத்தது 2011-இல். அதன் வரிகள் முழுக்க ஸ்வாஹிலி மொழியில் பரமண்டல ஜெபம். அந்த அம்மாவின் பெண் இப்போது கொயரில் அதைப் பாடவைக்க முடியுமா என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். கேம் பாய் கருவியில் 1989-இல் வந்த டெட்ரிஸில் தேர்ந்தெடுக்கக்கூடிய மூன்று இசைகளில் ஒன்று மேற்கத்தியச் சாஸ்திரிய இசைமேதை பாக் எழுதிய மினுவெட் என்ற நடன இசை. கிரேடு தேர்வில் பாக் வாசித்தால் படிப்பு, டெட்ரிஸில் வாசித்தால் வெட்டிவேலை. நல்ல நியாயம்! இங்கிலாந்தில் பதினாறு வயதுவாக்கில் எழுதும் ஜிசிஎஸ்இ இசைப் பாடத்தில், ஏக்யூஏ வாரியத்தின் பாடத்திட்டத்தில், திரைப்பட இசையோடு சேர்த்து கம்ப்யூட்டர் கேம் இசையும் இருக்கிறது. அங்கே மதிப்பெண் கொடுக்கிறார்கள்.

“என்ன இருந்தாலும் மின்சாரச் சத்தம்தானே” என்று இதற்குப் பிறகும் ஒருவர் கேட்டார். நீங்கள் வாங்கிக் கொடுத்த கீபோர்டு எதில் ஓடுகிறதாம்?

நம் வீடுகளில் இசை என்றால் பாட்டு, பாட்டு என்றால் வரிகள். வரி இல்லாவிட்டால் நமக்குக் காது மூடிக்கொள்கிறது. படத்தின் பின்னணி இசையைக்கூட வசனத்துக்கு இடையில் வந்தால்தான் கவனிக்கிறோம். வார்த்தையே இல்லாத இசையை ஒரு பதின்மூன்று வயதுப் பிள்ளை முக்கால் மணி நேரம் தானாக விரும்பிக் கேட்கிறது. பேஸ் எங்கே போகிறது, புல்லாங்குழல் எப்போது நுழைகிறது, தாளம் எந்த இடத்தில் மாறுகிறது என்று அதற்குத் தெரிகிறது. வகுப்பில் இப்படிக் கூர்ந்து கேட்கும் பழக்கத்தை ஏற்படுத்த நாங்கள் படுகிற பாடு எங்களுக்குத்தான் தெரியும். அதை நீங்கள் ஒரே அதட்டலில் அணைத்துவிடுகிறீர்கள்.

இனி மாணவர்கள் பக்கம். உங்களிடமும் கோபம் இருக்கிறது.

கேம் இசை பெரும்பாலும் முடிவில்லாமல் எழுதப்படுகிறது. நீங்கள் அந்தக் கட்டத்தைத் தாண்டும் வரை அது சுற்றிச் சுற்றி வர வேண்டும். ஆல்பத்தில் போடும்போது பெரும்பாலும் இரண்டு சுற்று ஓடவிட்டு ஒலியை மெல்லக் குறைத்துவிடுவார்கள். அதைக் கேட்டுப் பழகிய நீங்கள் என் முன்னால் வாசிக்கும்போது எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் பாதியில் கையை எடுத்துவிட்டு என் முகத்தைப் பார்க்கிறீர்கள். கீபோர்டில் ஒலி தானாகக் குறையாது. முடிவை நீங்கள்தான் எழுத வேண்டும்.

அரேஞ்ச் செய்த ஆல்பங்களைக் கேட்கச் சொல்வது இதற்குத்தான். கல்யாண மண்டபத்தில் நாகஸ்வரக்காரர் சினிமாப் பாட்டை எடுத்து வாசிக்கும்போது மெட்டு அதேதான், ஆனால் இழுப்பும் கமகமும் தவிலோடு முடிக்கிற முடிப்பும் அவருடையவை அல்லவா, அந்த வேலையை இங்கே ஆல்பம் முழுக்கச் செய்திருப்பார்கள். நோபுவோ உயமாட்சு, இசைக் கல்லூரிப் பக்கம் போகாமல் தானாகக் கற்றவர். ஃபைனல் ஃபேன்டஸி 4 என்ற கேமுக்கு அவர் போட்ட மெட்டுகளை 1991-இல் அயர்லாந்து இசைக்கலைஞர்களை வைத்து டப்ளினில் பதிவு செய்தார்கள். ‘செல்டிக் மூன்’ என்று பெயர். அதே மெட்டுகளுக்கு அடுத்த ஆண்டு தனிப் பியானோ ஆல்பமும் வந்தது. மூலம், செல்டிக் மூன், பியானோ மூன்றிலும் ஒரே மெட்டைத் தேடிப்பிடித்து அடுத்தடுத்துக் கேளுங்கள். எதை விட்டார்கள், எதைச் சேர்த்தார்கள், எப்படி முடித்தார்கள் என்று நோட்டில் எழுதிக்கொண்டு வாருங்கள்.

ஃபைனல் ஃபேன்டஸி 6-இல் ஓர் ஓபரா காட்சி, அதாவது பாட்டு நாடகக் காட்சி உண்டு. 1994-இல் அந்தக் கேம் ஓடிய சூப்பர் ஃபாமிகாம் கருவியில் ஒலிக்கென்று இருந்த நினைவகம் 64 கிலோபைட். இன்று நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் ஒரு புகைப்படம்கூட அதில் அடங்காது. வார்த்தை சொல்ல வழியில்லாமல், மனிதக் குரல் போன்ற ஓர் ஒலியை வைத்துப் பாடகியைப் பாடவைத்திருப்பார்கள்; வரிகள் திரையில் எழுத்தாக ஓடும். அதே ஆண்டு மிலன் நகரில் ஆர்கெஸ்ட்ராவோடு பதிவான ஆல்பத்தில் அந்தப் பாட்டை ஒரு சோப்ரானோ, அதாவது மேல் ஸ்தாயியில் பாடும் பாடகி, இத்தாலிய மொழியில் பாடுகிறார். நிறையப் பேர் இரண்டாவதை மட்டும் கேட்டுவிட்டு, அதுதான் உசத்தி என்கிறார்கள். எனக்கு மூலம்தான் பிடிக்கும். பாடகி இல்லாத இடத்தில் காது பாடகியை உண்டாக்கிக்கொள்கிறது. இதில் என்னோடு சண்டை போடலாம், இரண்டையும் கேட்டுவிட்டு வந்து சண்டை போடுங்கள்.

செய்யக் கூடாதவை சில. மேலிருந்து வண்ணக் கட்டைகள் விழுகிற வீடியோவைப் பார்த்து வாசிக்காதீர்கள். எந்தக் கட்டை என்று அது சொல்லும், எந்த விரல் என்று சொல்லாது. ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மட்டும் வைத்து முழு மெட்டையும் வாசிக்கும் பிள்ளைகளைத் திருத்துவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிடுகிறது. கேம் இசை வாசிக்கும்போது கீபோர்டில் தாளத்தையும் பேஸையும் தானாக வாசிக்கும் ஸ்டைல் பட்டனை அணைத்துவிடுங்கள். இடது கை சோம்பேறியாவது அங்கேதான். பியானோ ஆல்பத்தின் நொட்டேஷன் புத்தகத்தை இறக்கிக்கொண்டு மூன்றாம் கிரேடு விரலோடு வந்து நிற்காதீர்கள், மணிக்கட்டு வலிக்கும். முதலில் மெட்டும் பேஸும் போதும்.

மின்சார ரயிலில் வருகிறவர்கள் வண்டிச் சத்தத்தை மீறிக் கேட்க ஒலியை ஏற்றிக்கொண்டே போகிறீர்கள். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரம் 40 மணி நேரத்துக்கு 80 டெசிபல் என்றும், குழந்தைகளுக்கு 75 டெசிபல் என்றும் எல்லை சொல்கிறது. மூன்று டெசிபல் ஏற்றினால் அந்த நேரம் பாதியாகிவிடும். உங்கள் போனிலேயே ஒலி வரம்பு வைக்கும் வசதி இருக்கும், வைத்துவிடுங்கள். வேலை செய்கிற காது ஒன்று எனக்கு மாணவரிடம் வேண்டும். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஜிப் கோப்பாக யாரோ ஏற்றி வைத்திருக்கும் தொகுப்புகள் வேண்டாம். வைரஸ் ஒரு பக்கம், பெயர்க் குழப்பம் மறுபக்கம். 1995-இல் வந்த குரோனோ டிரிகர் கேமின் இசையில் பெரும்பகுதி யாசுனோரி மிட்சுதாவுடையது. வயிற்றுப்புண்ணில் அவர் படுத்தபோது உயமாட்சு கைகொடுத்தார். அந்தக் கோப்புகளில் எல்லாமே உயமாட்சு பெயரில் கிடக்கும். பல ஆல்பங்கள் ஸ்ட்ரீமிங்கில் முறையாகவே கிடைக்கின்றன. ரசிகர்கள் செய்த அரேஞ்ச்மென்ட் வேண்டுமென்றால் ஓவர்குளாக்டு ரீமிக்ஸ் தளத்தில் இலவசமாக உண்டு.

நீங்கள் வாசித்ததை யூடியூபில் ஏற்றினால் காப்புரிமை அறிவிப்பு வரலாம். பையனைப் போலீஸ் பிடிக்குமா என்று இரவு பதினொரு மணிக்கு எனக்கு போன் செய்த அம்மாவும் உண்டு. பிடிக்காது அம்மா. பெரும்பாலும் விளம்பர வருமானம் உரிமையாளருக்குப் போகும், அவ்வளவுதான். எதற்கும் அறிவிப்பை முழுதாகப் படித்துவிட்டு என்ன செய்வதென்று முடிவு செய்யுங்கள். வீடியோவின் கீழே இசையமைத்தவர் பெயர், கேமின் பெயர், அரேஞ்ச் செய்தது நீங்களானால் உங்கள் பெயர் மூன்றையும் எழுதுங்கள். என் பெயர் வேண்டாம்.