அமெரிக்க மரண தண்டனைக் கைதிக்கு இரண்டாவது ஆட்கொணர்வு மனு கிடைக்குமா?

அமெரிக்க மாநில நீதிமன்றம் ஒன்றில் மரண தண்டனை பெற்றவர், விசாரணையில் தமது அரசியலமைப்பு உரிமை மீறப்பட்டது என்று ஃபெடரல் (மத்திய அரசின்) நீதிமன்றத்தில் முறையிடுவதற்கான வழி ஆட்கொணர்வு மனு. ஓக்லஹோமா சிட்டி குண்டுவெடிப்புக்கு ஓராண்டு கழித்து, 1996 ஏப்ரலில் அதிபர் கிளின்டன் கையெழுத்திட்ட சட்டம் அந்த வழியை ஏறத்தாழ ஒரே ஒரு முறைக்கானதாகச் சுருக்கிவிட்டது. பின்னணி இவ்வளவு போதும்.

முதலில் காலக்கெடு. நேரடி மேல்முறையீடு முடிந்து தீர்ப்பு இறுதியானதிலிருந்து பொதுவாக ஓராண்டுதான் அவகாசம். தண்டனையை எதிர்த்து மாநில நீதிமன்றத்தில் முறைப்படி போட்ட மனு நிலுவையில் இருக்கும்வரை அந்தக் கணக்கு ஓடாமல் நிற்கும்; ஆனால் அதைப் போடுவதற்கு முன் கழிந்த மாதங்கள் கழிந்தவைதான். மாநில வழக்கு முடிந்ததும் புதிதாக ஓராண்டு கிடைக்கும் என்று நம்பி ஏமாறாதீர்கள். வழக்கறிஞர் தேதியைத் தவறாகக் கணக்கிட்டார் என்பது மட்டும் சலுகைக்குப் போதாது என்று 2007-இல் லாரன்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டதால், குடும்பமே தேதிகளைக் குறித்துவைத்து வழக்கறிஞரிடம் எழுத்து மூலம் கேட்பது நல்லது.

‘மாநில நீதிமன்றத்தில் எல்லா வாதங்களையும் முதலில் வைக்கவில்லை’ என்று மனு திருப்பி அனுப்பப்பட்டால், மீண்டும் போடுவது இரண்டாவது மனுவாகக் கருதப்படாது. கேட்க ஆறுதலாகத்தான் இருக்கும். ஆனால் ஃபெடரல் மனு நிலுவையில் இருந்த காலம் ஓராண்டுக் கணக்கிலிருந்து கழிக்கப்படாது என்பதால், திரும்பி வருவதற்குள் கெடு முடிந்திருக்கலாம். மனுவைத் தள்ளுபடி செய்யாமல் நிறுத்திவைக்கும்படி கேட்க 2005-இன் ரைன்ஸ் தீர்ப்பு இடம் தருகிறது. அந்த வாதங்களை மாநில நீதிமன்றத்தில் முதலில் வைக்காததற்குத் தக்க காரணம் காட்ட வேண்டும்.

இரண்டாவது மனுவை ஃபெடரல் மாவட்ட நீதிமன்றத்தில் நேரடியாகப் போட முடியாது. மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் முதலில் அனுமதிக்க வேண்டும். அவர்கள் மறுத்தால் மேல்முறையீடும் இல்லை, மறுபரிசீலனை கேட்கவும் வழியில்லை. ஓர் உயிர் சம்பந்தப்பட்ட முடிவை இப்படிப் பூட்டி வைத்திருக்கிறார்கள். முதல் மனுவில் சொன்ன வாதத்தைத் திரும்பச் சொன்னால் தள்ளுபடிதான். முதல் மனு மேல்முறையீட்டில் இருக்கும்போதே புதிய மனு போட்டாலும் அது இரண்டாவதுதான் என்று 2025-இல் ரிவர்ஸ் வழக்கில் தீர்ப்பாகிவிட்டது.

புதிய சாட்சி கிடைத்துவிட்டார் என்று ஓடி வருபவர்களுக்குத்தான் பெரிய ஏமாற்றம் காத்திருக்கிறது. அந்தச் சாட்சியை முன்பு உரிய முயற்சி எடுத்திருந்தாலும் கண்டுபிடித்திருக்க முடியாது என்று காட்ட வேண்டும். அதற்கும் மேலாக, உரிமை மீறல் நடக்காமல் இருந்திருந்தால் நியாயமான எவரும் கைதியைக் குற்றவாளி என முடிவு செய்திருக்க மாட்டார்கள் என்பதைத் தெளிவாக நிறுவ வேண்டும். சட்டத்தின் வாசகம் குற்றத்தைப் பற்றித்தான் பேசுகிறது. தண்டனையைக் குறைக்க உதவக்கூடிய சிறுவயதுக் கொடுமைகள், மருத்துவ ஆவணங்கள் போன்றவற்றைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கினால் அவை பெரும்பாலும் உள்ளே நுழையவே முடியாது.

தண்டனை நிறைவேற்றப்படும் வேளையில் கைதி மனநலம் இழந்திருக்கிறார் என்ற வாதம், உரிய நேரத்தில் எழுப்பப்பட்டால், இந்தத் தடைக்குள் வராது என்று 2007-இல் பனெட்டி வழக்கு சொன்னது. அறிவுசார் குறைபாட்டை அதனோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அறிவுசார் குறைபாடு பற்றிய வாதம் முதல் மனுவிலேயே இருக்க வேண்டும்.