அப்டேட்டை நிறுத்தாதீர்கள், நேரத்தை மாற்றுங்கள்

கும்பகோணம், மன்னார்குடி, திருவாரூர் பக்கம் கடைகளிலும் அலுவலகங்களிலும் கம்ப்யூட்டர்களைப் பராமரிப்பது என் தொழில். இ-சேவை மையம், அரிசி ஆலை, உரக்கடை, நகைக்கடை என்று எங்கே போனாலும் விண்டோஸின் ஆட்டோமேட்டிக் அப்டேட்டை யாராவது நிறுத்தி வைத்திருப்பார்கள். கேட்டால் "நாங்களே பார்த்துப் போட்டுக்குறோம் சார்" என்பார்கள். போட மாட்டார்கள். மாதக்கணக்கில் பாக்கி நிற்கும்.

அவர்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. சம்பா பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசி தேதி நெருங்கும்போது, அடங்கலோடு விவசாயிகள் வரிசையில் நிற்க, கம்ப்யூட்டர் தானாக ரீஸ்டார்ட் ஆனால் யாருக்குத்தான் பொறுக்கும்? 2021 மார்ச்சில் வந்த ஒரு விண்டோஸ் 10 அப்டேட்டால், சில பிரிண்டர்களுக்குப் பிரிண்ட் கொடுத்தாலே கம்ப்யூட்டர் நின்றுபோய் நீலத்திரை வந்தது. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் பாதுகாப்பு மென்பொருளின் பழுதான கோப்பு ஒன்று தானாக இறங்கி, சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்களை முடக்கியது. பலவற்றை ஒவ்வொன்றாகக் கையால்தான் சரிசெய்ய வேண்டியிருந்தது.

ஆனாலும் நான் ஆட்டோமேட்டிக் பக்கம்தான். காரணம் வானாக்ரை என்ற வைரஸ். அது நுழைந்த விண்டோஸ் பாதுகாப்பு ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் 2017 மார்ச் 14 அன்றே கொடுத்துவிட்டது. வைரஸ் வெடித்தது மே 12 அன்று. போட்டுக்கொள்ள ஏறக்குறைய 2 மாதம் இருந்தும் லட்சக்கணக்கான கம்ப்யூட்டர்கள் மாட்டின. யாரும் எதையும் கிளிக் செய்யக்கூடத் தேவைப்படவில்லை. ஃபைல் ஷேரிங் வழியாக அடுத்த கம்ப்யூட்டருக்குத் தானே தாவி, ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்டது. அப்டேட் வெளியானதுமே அதைப் பிரித்துப் பார்த்து, எது அடைக்கப்பட்டது என்று கண்டுபிடித்து, இன்னும் போடாதவர்களைத் தேடும் கூட்டம் இருக்கிறது. தள்ளிப்போடும் ஒவ்வொரு நாளும் அவர்களுக்குக் கிடைக்கும் அவகாசம்.

அதனால் பாதுகாப்பு அப்டேட் தானாக வரட்டும். டிரைவர் (பிரிண்டர் போன்ற கருவிகளை இயக்கும் மென்பொருள்), பெரிய பதிப்பு மாற்றம் இரண்டையும் மட்டும் நாள் பார்த்துக் கையால் போடுங்கள். கைரேகைக் கருவியும் பில் பிரிண்டரும் பெரும்பாலும் அங்கேதான் தகராறு செய்கின்றன.

மைக்ரோசாஃப்ட்டின் மாதாந்திர அப்டேட் இரண்டாம் செவ்வாய்க்கிழமை வரும். நமக்கு அது இரவு 10 மணிக்கு மேல் என்பதால், புதன்கிழமை காலை சிஸ்டம் மெதுவாக ஓடுகிறது என்று எனக்கு போன் வரும். செட்டிங்ஸில் 'ஆக்டிவ் ஹவர்ஸ்' என்ற இடத்தில் கடை நேரத்தைக் குறித்துவிட்டால் அந்த நேரத்தில் தானாக ரீஸ்டார்ட் ஆகாது. 5 வாரம் வரை நிறுத்தி வைக்கவும் வசதி உண்டு. கூட்டம் மொய்க்கும் நாட்களில் ஒரு வாரம் நிறுத்தினால் போதும். நாலைந்து கம்ப்யூட்டர் இருந்தால் ஒன்றில் முதலில் விட்டுப் பாருங்கள். டேலி கணக்கு மென்பொருளின் டேட்டா இருக்கும் மெஷினுக்கு, பேக்கப் எடுத்த பிறகு, சனிக்கிழமை சாயங்காலம் போடலாம்.

அப்புறம் கரண்ட். ஐப்பசி, கார்த்திகையில் புயல் மழை வந்தால் மின்சாரம் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. பேட்டரி செத்த யூபிஎஸ்ஸை நம்பி அப்டேட்டை ஆரம்பிக்காதீர்கள். பாதியில் நின்றால் விண்டோஸே எழாமல் போகலாம். டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் போட்டிருந்தால் அதன் 48 இலக்க ரெகவரி கீயைத் தாளில் எழுதிப் பத்திரப்படுத்துங்கள். சில அப்டேட்டுக்குப் பிறகு அதைக் கேட்கும்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. நீட்டிப்புத் திட்டத்தில் சேராத மெஷினுக்கு இனி விண்டோஸ் பாதுகாப்பு அப்டேட் ஆட்டோமேட்டிக்காகவும் வராது, கையால் போடவும் இல்லை. அதில் நெட் பேங்கிங்கை இன்றே நிறுத்திவிட்டு, வேறு கம்ப்யூட்டருக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.