பவர் டேபிளில் உருவாகும் கூட்டு நினைவு

தீபாவளி விடுமுறை முடிந்த முதல் வாரத்தில் திருப்பூரின் சிறு பனியன் யூனிட் ஒன்றைப் பார்த்தால், ஆண்டுக்கணக்கில் பழகிய கைகளும் தடுமாறுவது தெரியும். ஊருக்குப் போனவர்களில் சிலர் வேறு கம்பெனிக்கு மாறியிருப்பார்கள். தையல் இயந்திரங்கள் வரிசையாக அமைந்த மேசையான பவர் டேபிளில் புதிதாக இருவர் உட்கார்ந்திருப்பார்கள். துணியின் ஓரங்களை இணைக்கும் ஓவர்லாக் அடிப்பவரும், விளிம்பை மடித்துத் தைக்கும் பிளாட்லாக் அடிப்பவரும் தேர்ந்த டெய்லர்களே என்றாலும், இருவருக்கும் நடுவில் பீஸ்கள் குவிந்து கிடக்கும். 8 பேர் கொண்ட டேபிளில் இருவர் இருவராக எண்ணினால் 28 இணைகள் வரும். இருவர் மாறினால் அவற்றில் 13 இணைகள் புதியவை என்பதால் இந்தத் தடுமாற்றம் இயல்பானதே.

சிறு குழுக்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து, 1965இல் அமெரிக்க உளவியலாளர் புரூஸ் டக்மன் நான்கு கட்டங்களைச் சொன்னார். ஒன்றுகூடுதல், உரசல், நெறிகள் அமைதல், செயல்படுதல் என்பவை அவை. 1977இல் மேரி ஆன் ஜென்சனுடன் சேர்ந்து, கலைதல் என்ற ஐந்தாவதையும் சேர்த்தார். டேமேஜ் பீஸை யார் பிரித்துத் தைப்பது என்று டேபிளில் எழும் சச்சரவு இரண்டாம் கட்டத்துக்குரியது. அதை அடக்கிவிடாமல் பேசித் தீர்த்தால்தான் நெறி பிறக்கும். ஆனால் டக்மன் தொகுத்த ஆய்வுகளில் பெரும்பாலானவை உளவியல் சிகிச்சைக் குழுக்களையும் பயிற்சிக் குழுக்களையும் பற்றியவை. ஆகவே, எல்லாக் குழுவும் இந்த வரிசையில்தான் நடக்கும் என்று கொள்வது சரியாகாது.

கெடு வைத்து வேலை செய்யும் 8 குழுக்களைக் கவனித்த ஆய்வாளர் கோனி கெர்சிக், 1988இல் வேறொன்றைக் காட்டினார். குழு தொடக்கத்திலேயே ஒரு போக்கைப் பிடித்துக்கொண்டு, கெடுவில் ஏறக்குறையப் பாதி கழியும்வரை அதிலேயே சென்று, பிறகு சட்டெனப் பழையதைக் கைவிட்டு வேகம் கொள்கிறது. கப்பலேற்றும் தேதி நெருங்கும் ஆர்டரில் வேலை பார்த்தவர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது.

எனக்கு மிக முக்கியமாகப் படுவது, யாருக்கு என்ன தெரியும் என்பதைக் குழு தனக்குள் பகிர்ந்து வைத்திருக்கும் நினைவு. உளவியலாளர் டேனியல் வெக்னர் 1980களில் முன்வைத்த கருத்து இது. இதைச் சோதிக்க, லியாங், மோர்லண்ட், ஆர்கோட் என்ற ஆய்வாளர்கள், ஆட்களை மூவர் மூவராகச் சேர்த்து ரேடியோப் பெட்டிகளை இணைக்கச் சொன்னார்கள். ஒன்றாகப் பயிற்சி பெற்றவர்கள், தனித்தனியே பயின்று பிறகு சேர்ந்தவர்களைவிடக் குறைவாகவே தவறு செய்தார்கள். பின்னர் நடந்த ஒரு சோதனையில், குழுவாகப் பயின்றவர்களைக் கலைத்து வேறு ஆட்களோடு புதிதாகச் சேர்த்தபோது, அந்த ஆதாயம் மறைந்துவிட்டது. கூடி வேலை செய்யும் பழக்கம் மட்டும் போதவில்லை. அதே ஆட்கள் தேவைப்பட்டார்கள்.

டேபிளில் இந்த நினைவைக் கைமடி வேலை செய்யும் பெண்ணிடம் நேரில் பார்க்கலாம். ஓவர்லாக்கிலிருந்து வரும் பீஸை எடுத்து, நூலை வெட்டி, பிளாட்லாக் டெய்லர் எந்தக் கையால் இழுப்பார் என்பதறிந்து, விளிம்பு அந்தப் பக்கம் வரும்படி திருப்பி அடுக்குகிறார். யாருக்குக் கழுத்துப்பட்டி இழுபடும், யார் மதியத்துக்குப் பின் தளர்வார் என்பதும் அவருக்குத் தெரியும். டெய்லரைவிடக் குறைந்த கூலி வாங்கும் அவர் ஒருநாள் விடுப்பெடுத்தால், டெய்லர்கள் அத்தனை பேரும் இடத்தில் இருந்தும், ஒவ்வொருவரும் தையலை நிறுத்திவிட்டு பீஸைத் தாமே திருப்பிக்கொண்டிருக்கிறார்கள்.