கால் விறைக்கணும், முதுகு வளையணும்

ஸ்வீடனின் ஸ்டெஃபான் ஹோல்ம் 1.81 மீட்டர் உயரம்தான். உயரம் தாண்டும் மற்ற வீரர்களுக்கு நடுவில் குட்டையாகத் தெரிவார். 2005-ல் மாட்ரிட்டில் அவர் தாண்டியது 2.40 மீட்டர். தன் தலைக்கு மேல் 59 சென்டிமீட்டர்!

காலில் பலம் என்று சொல்லிவிடலாம். ஆனால் அந்தப் பலம் நாம் நினைக்கிற மாதிரி வேலை செய்வதில்லை. நின்ற இடத்தில் குதிக்கச் சொன்னால் முழங்காலை நன்றாக மடக்கி எழும்புவோம். ஓடி வந்து தாண்டுகிறவர் அப்படி மடக்கினால் காரியம் கெட்டது. விநாடிக்கு 7, 8 மீட்டர் வேகத்தில் வருகிறவர், கடைசி அடியில் உடலைப் பின்னால் சாய்த்து, காலை முன்னே நீட்டி ஊன்றுகிறார். அது தரையில் இருப்பது 0.15 முதல் 0.2 விநாடி வரைதான். அதற்குள் முன்னோக்கி வந்த வேகத்தில் ஒரு பகுதி மேல்நோக்கித் திரும்ப வேண்டும். தொய்கிற கம்பை ஊன்றி யாரும் எழும்ப முடியாது. உடல் எடையைப்போலப் பல மடங்கு பாரம் இறங்கும் அந்தக் கணத்தில், முழங்கால் மேலும் மடங்காமல் தாங்குவதுதான் தொடைத் தசையின் பெரிய வேலை. குதிகாலுக்கு மேலுள்ள தசைநாண் ரப்பர் மாதிரி இழுபட்டு, வாங்கிய ஆற்றலை உடனே திருப்பித் தருகிறது.

ஊன்றாத காலையும் கைகளையும் வீசி உயர்த்துவதும் உயரத்தைக் கூட்டும். சிறுவயது விபத்தில் வலது கால் சிதைந்த நம் சேலத்து மாரியப்பன் தங்கவேலு, 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். இப்படி ஒரு காலோடு அவர் எவ்வளவு உழைத்திருப்பார்! நினைத்தாலே மலைப்பாக இருக்கிறது.

சரி, விநாடிக்கு 4.5 மீட்டர் வேகத்தில் மேலெழுந்தால் உடலின் ஈர்ப்பு மையம், அதாவது எடை முழுதும் குவிந்திருப்பதாகக் கொள்ளும் புள்ளி, சுமார் 1 மீட்டர் உயரும். தரையை விட்ட பிறகு அதைக் கூட்ட வழியே இல்லை.

அப்புறம் கைகொடுப்பது நெகிழ்வு. 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் டிக் ஃபாஸ்பரி, கம்பிக்கு முதுகைக் காட்டித் தாண்டி 2.24 மீட்டரில் தங்கம் வென்றார். உடல் வில்லாக வளையும்போது ஈர்ப்பு மையம் உடலுக்கு வெளியே, வளைவின் அடிக்குப் போய்விடலாம். உடல் கம்பிக்கு மேலே போக, மையம் கம்பிக்குக் கீழேயே கடந்துவிடும்! தலையும் கால்களும் தாழத் தாழ இடுப்பு உயரும். இடுப்பு கடந்ததும் தாடையை மார்போடு சேர்த்தால், கால்கள் எழும்பிக் கம்பியைத் தாண்டும்.

இதில் முதுகைவிட இடுப்பின் முன்பக்கத் தசையைத்தான் முதலில் கவனிக்கச் சொல்வேன். நாள் முழுக்க பெஞ்சில் உட்காரும் பிள்ளைகளுக்கு அது இறுகிக் கிடக்கும். முதுகு எவ்வளவு வளைந்தாலும் இடுப்பு தொய்ந்து கம்பியைத் தட்டிவிடும். அதற்காகத் தாண்டுவதற்குச் சற்று முன் தசையை நிமிடக்கணக்கில் இழுத்துப் பிடிக்காதீர்கள், சட்டென்று எழும்பும் வேகம் கொஞ்ச நேரத்துக்குக் குறையும். அப்போது காலை முன்னும் பின்னும் வீசினால் போதும். நீண்ட இழுப்புகளைப் பயிற்சி முடிந்தபின் வைத்துக்கொள்ளுங்கள்.