சவுடு எடுத்த குழியும் கேரி பேக்கில் வந்த மண்ணும்

மீஞ்சூர் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் போன தை மாதம் என்னிடம் மண் பரிசோதனைக்கு வந்தார். கையில் கேரி பேக், உள்ளே இரண்டு கிலோ செம்மண். "சார், இதுல தென்னை வருமான்னு டெஸ்ட் பண்ணிச் சொல்லுங்க" என்றார்.

"எங்கண்ணே எடுத்தீங்க?"

"நம்ம நிலத்துலதான்."

"எவ்வளவு ஆழத்துல?"

"மேலாப்புல, சார்."

அவர் நிலம் என்றது ஒரு பழைய சவுடுக் குழி, அதாவது பள்ளம் நிரப்புவதற்கான மண்ணைத் தோண்டியெடுத்த இடம். பத்தடிக்கு மேல் அள்ளி விற்றபின், லாரி லாரியாக எதையெதையோ கொட்டி மூடி, மேலே ஓரடி செம்மண் பரப்பி மனையாக்கி விற்றிருந்தார்கள். அந்த ஓரடியைத்தான் கொண்டுவந்திருந்தார். பார்த்தேன்: பி.எச். (புளிப்பு, காரத் தன்மையின் அளவு; ஏழு நடுநிலை, குறைந்தால் புளிப்பு) ஏழை ஒட்டி இருந்தது, உப்பும் இல்லை. குறை சொல்ல முடியாத மண். அந்த ரிப்போர்ட்டையே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தால் எனக்குக் கட்டணம் வந்திருக்கும். அவருக்குத் தென்னங்கன்று வாங்கிய காசு போயிருக்கும்.

ஜேசிபி வைத்து மூன்று இடத்தில் ஐந்தடிக்குத் தோண்டச் சொன்னேன். முதல் குழியில் செம்மண்ணுக்குக் கீழே கட்டட இடிபாடு. இரண்டாவதில் சாம்பல். எண்ணூர், அத்திப்பட்டு சுற்றுவட்டாரத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் எங்கே கிடந்தாலும் நான் ஆச்சரியப்படுவதில்லை. மூன்றாவதில் கன்னங்கரேலென்று சேறு, அழுகிய முட்டை நாற்றம். ஒரே நிலத்தில் மூன்று வைத்தியம் வேண்டும், ஒன்றுக்குத் தருவது இன்னொன்றுக்கு ஆகாது.

இடிபாட்டில் சிமெண்டும் சுண்ணாம்பும் இருப்பதால் பி.எச். எட்டரையைத் தொடும். இரும்புச் சத்து இருந்தும் வேருக்குக் கிடைக்காது, குருத்து மஞ்சளாகும். கடப்பாரை இறங்குகிறதா என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். லாரி ஏறி இறுகிய களிமண்ணின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 1.6 கிராமைத் தாண்டினால் வேர் மேலேயே சுருண்டு நிற்கும்.

சாம்பல் பார்வைக்கு வண்டல்போல மெத்தென்று இருக்கும். தழைச்சத்து (நைட்ரஜன்) அநேகமாக இல்லை. போரான் அதிகமாக இருக்கலாம், ஆர்சனிக், ஈயம் போன்றவையும் இருக்கலாம். அதற்குத் தனிப் பரிசோதனை கேட்டு வாங்க வேண்டும், சாதாரண மண் பரிசோதனையில் வராது. முடிவு தெரியும்வரை கீரை போடாதீர்கள். கன உலோகங்களை மற்றப் பயிர்களைவிடக் கீரைகள் இலையில் அதிகம் சேர்க்கும். சவுக்கு வைக்கலாம், காற்றிலுள்ள நைட்ரஜனைத் தன் வேர் முடிச்சில் பிடித்துக்கொள்ளும் மரம் அது.

எனக்குக் கவலை தந்தது மூன்றாவது குழிதான். கொசஸ்தலை ஆற்று முகத்துவாரம் போன்ற உப்பங்கழிச் சேற்றில் இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைட் இருக்கலாம். நிலக்கரிச் சுரங்கக் கழிவுமண்ணைக் கெடுப்பதும் பல இடங்களில் இதே பைரைட்தான். தண்ணீருக்கடியில் அது சாது. காற்றுப் பட்டால் கந்தக அமிலமாக மாறும். அந்த அமிலம் களிமண்ணிலுள்ள அலுமினியத்தைக் கரைத்துவிட, வேர்நுனி கருகும். தோண்டிய அன்று பி.எச். ஏழு காட்டியது. மூன்று வாரம் காயவிட்ட அதே சேறு நாலுக்குக் கீழே போய்விட்டது, மேலே மஞ்சள் பூத்திருந்தது.

நாங்களே எல்லோருக்கும் சொல்லும் பாடம் இங்கே தலைகீழாகிறது. மண் மாதிரியை நிழலில் உலர்த்திக் கொண்டுவாருங்கள் என்போம். இந்தச் சேற்றை அப்படிக் கொண்டுவந்தால் நிலத்தில் இருப்பது ஒன்று, மேசைக்கு வருவது வேறொன்று. காற்றுப் புகாத கவரில் கட்டி, ஐஸ் பெட்டியில் வைத்து அன்றே கொடுக்க வேண்டும். ஹைட்ரஜன் பெராக்சைடு விட்டால் பொங்கிக் கொதித்துக் காட்டிக்கொடுத்துவிடும். அதை ஆய்வகத்தில் செய்யட்டும், கை வெந்துவிடும்.

சேற்றைப் பார்த்ததும் "ஜிப்சம் போடட்டா சார்?" என்றார். உரக்கடையில் சொல்லியிருக்கிறார்கள். ஜிப்சம் சோடியம் ஏறிய களர் நிலத்துக்கு. வெறும் உப்பு ஏறிய உவர் நிலத்துக்கு நல்ல தண்ணீர் விட்டு வடிக்க வேண்டும். இந்தப் புளிப்புக்கோ சுண்ணாம்பு, அதுவும் அளந்து. வடிக்க நல்ல தண்ணீருக்கு எங்கே போவது என்பது மீஞ்சூரில் தனிப் பாடு. நிலத்தடி நீரைப் பல வருஷம் உறிஞ்சிக் கடல்நீர் உள்ளே ஏறிய ஊர் அது. அதனால் போர் தண்ணீரையும் ஒரு பாட்டிலில் கேட்டு வாங்கினேன்.

ஒரு வயிற்றெரிச்சலும் உண்டு. நெய்வேலி போன்ற பெரிய சுரங்கங்களில் மேல்மண்ணைத் தனியே எடுத்து வைத்து, வேலை முடிந்ததும் திரும்பப் பரப்புவது மீட்பின் முதல் பாடம். நீண்ட நாள் உயரமாகக் குவித்தாலே உள்ளேயிருக்கும் நுண்ணுயிர்கள் பல செத்துவிடும் என்று அதற்கும் கணக்குப் பார்ப்பார்கள். சவுடுக் குழியிலோ முதலில் விலைபோனதே அந்த மேல்மண்தான்.

சேறு கிடந்த மூலையைக் கிளறாமல் குட்டையாகவே விடச் சொன்னேன். தண்ணீர் நிற்கும்வரை பைரைட் தூங்கும். இடிபாட்டுப் பக்கம் கல்லைப் பொறுக்கி, உழுது, பசுந்தாள் உரமாகத் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழச் சொன்னேன்.

"அப்ப தென்னை?"

சித்திரையில் மறுபடி மாதிரி எடுப்போம் என்றேன். ஐப்பசி, கார்த்திகை மழை உப்பைக் கீழே இறக்கிவிடும். தை மாதத்து மண்ணைப் பார்த்து உப்பில்லை என்று எழுதித் தர மனம் வரவில்லை. வெயிலில் அது மேலே ஏறி வெள்ளை பூக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒவ்வோர் அடிக்கும் ஒன்றாக மூன்றடி வரை தனித்தனிக் கவர், கவர்மேல் குழி எண்ணும் ஆழமும். காலி கவர்களை அவரிடமே கொடுத்தனுப்பியிருக்கிறேன்.